ஒரே பண்ணை, பல மண்: அல்சாஸின் ஸிண்ட்-ஹும்ப்ரெக்ட் திராட்சைத் தோட்டங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் இயற்கை விவசாயம் பேசுகிற நாலு பேர் சேர்ந்த இடத்தில் ‘கொம்பு சாண உரம்’ என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த அரை மணி நேரத்துக்கு வேறு பேச்சே இருக்காது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைத்து, எடுத்துக் கரைத்துத் தெளித்தால் செத்த மண்ணும் பிழைத்துவிடும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். சுத்த மூடநம்பிக்கை என்று சிலர் எழுந்தே போய்விடுவார்கள். மாடித்தோட்டக்காரர்களும், மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கம் ஓரிரு ஏக்கர் வாங்கிப்போட்டு சனி ஞாயிறுகளில் போய்ப் பார்த்துவருகிறவர்களும் சேர்ந்த எங்கள் சின்னக் குழுவிலும் இதே கதைதான். இரண்டு தரப்பும் கொம்பையே பார்த்துக்கொண்டு மண்ணை மறந்துவிடுகிறது என்பது என் எண்ணம். அதைக் காட்ட நான் எப்போதும் எடுத்துப் பேசுவது பிரான்ஸில் உள்ள ஒரு ஒயின் பண்ணையை. ஒயின் பக்கமே போகாதவர்களும் இதைப் படிக்கலாம், விஷயம் முழுக்க மண்ணைப் பற்றியது.

பண்ணையின் பெயர் ஸிண்ட்-ஹும்ப்ரெக்ட். பிரான்ஸின் வடகிழக்கு ஓரத்தில், ஜெர்மனியை ஒட்டிய அல்சாஸ் பகுதியில், டூர்க்கைம் என்ற ஊரில் இருக்கிறது. ஹும்ப்ரெக்ட் குடும்பம் 1620லிருந்து திராட்சை பயிரிட்டு வருகிறது. 1959இல் லெயோனார் ஹும்ப்ரெக்ட், ஸிண்ட் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது இரண்டு வீட்டு நிலங்களும் ஒன்றாகி இந்தப் பண்ணை உருவானது. இன்று சுமார் 40 ஹெக்டேர், நம் கணக்கில் 100 ஏக்கர். அத்தனையும் ஒரே இடத்தில் இல்லை, பல ஊர்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நம் ஊரில் இதைக் குறையாகச் சொல்வோம், பாகப்பிரிவினையில் நிலம் சிதறிவிட்டது என்று வருத்தப்படுவோம். இந்தப் பண்ணையின் பலமே அந்தச் சிதறல்தான்.

லெயோனாரின் மகன் ஒலிவியே 1989இல் ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ பட்டம் பெற்றார். ஒயின் துறையில் அதைவிடக் கடினமான தேர்வு கிடையாது என்பார்கள். அதில் தேறிய முதல் பிரெஞ்சுக்காரர் அவர். அவர்தான் 1997இல் பண்ணையை உயிராற்றல் வேளாண்மைக்கு, அதாவது பயோடைனமிக் முறைக்கு மாற்றத் தொடங்கினார். 1998இல் இகோசெர்ட் நிறுவனத்தின் இயற்கை விவசாயச் சான்று, 2002இல் பயோடிவின் என்ற உயிராற்றல் ஒயின் கூட்டமைப்பின் சான்று. படிப்பும் ருசியறிவும் உலகச் சந்தையில் நல்ல பேரும் இருந்த ஒருவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பண்ணையை எதற்கு மாற்றினார் என்ற கேள்வியால்தான் எனக்கு இதில் ஆர்வமே வந்தது.

முதலில் மண்

அல்சாஸின் மண்ணைப் புரிந்துகொள்ள நிலவியல் கொஞ்சம் வேண்டும். மேற்கே வோஸ்ஜ் மலை, கிழக்கே ரைன் ஆற்றுக்கு அப்பால் ஜெர்மனியின் கறுங்காட்டு மலை. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே மலைத்தொகுதி. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நடுப்பகுதி உள்வாங்கத் தொடங்கி, பள்ளத்தாக்காகி, அதில் இன்று ரைன் ஓடுகிறது. உள்வாங்கியபோது ஓரங்கள் நேர்க்கோடாக உடையவில்லை. மலையடிவாரம் நெடுக நிலம் நொறுங்கி, மேலே இருந்த பாறை கீழேயும் கீழே இருந்தது மேலேயுமாக வந்து நின்றுவிட்டது. அதனால் ஒரு ஊரில் கிரானைட், பக்கத்து ஊரில் சுண்ணாம்புக்கல், அதற்கடுத்த ஊரில் சுண்ணாம்பு கலந்த களி, மணற்கல் என்று மாறிக்கொண்டே போகும். சில இடங்களில் ஒரே சரிவிலேயே மாறும்.

மழையும் வித்தியாசம். வோஸ்ஜ் மலை மேற்கிலிருந்து வரும் மேகங்களைத் தடுத்துவிடுவதால், கொல்மார் நகரத்தைச் சுற்றி ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. சென்னைக்கு 1400, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அவர்களுக்கு அந்தக் கொஞ்ச மழை ஆண்டு முழுக்கப் பரவலாகப் பெய்கிறது. மழை குறைவு என்றால், மண் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கிறது என்பதே கொடியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும்.

இனி ராங்கென். இந்தப் பண்ணையின் நிலங்களில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்த இடம்தான். அல்சாஸின் உயர்தர தோட்டங்களில் தெற்கே கடைக்கோடியில், டான் என்ற சிறு நகரத்துக்கு மேலே, தூர் ஆற்றைப் பார்த்தபடி நிற்கிற ஒரு சரிவு. மொத்தம் 18.8 ஹெக்டேர், அதில் சுமார் 5.5 ஹெக்டேர் ஸிண்ட்-ஹும்ப்ரெக்டின் கையில். கடல்மட்டத்திலிருந்து 320 முதல் 450 மீட்டர் உயரம். 100 அடி முன்னால் போனால் 60 அடிக்கும் மேல் ஏற வேண்டிய இடங்கள் உண்டு. மண் கறுப்பும் பழுப்புமாக இருக்கும். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய எரிமலைச் சாம்பலும் அதோடு படிந்த வண்டலும் இறுகி உண்டான பாறை, உடைந்து கூர்மையான சில்லுகளாகக் கிடக்கிறது. மேல்மண் மிக மெல்லியது. கையால் கொஞ்சம் தோண்டினாலே பாறையில் இடிக்கும், கொடியின் வேர் வெடிப்புகளைத் தேடித்தான் இறங்க வேண்டும்.

ராங்கென் ஒயினுக்கு இடைக்காலத்திலிருந்தே பெரிய பேர் உண்டு. ஆனால் இருபதாம் நூற்றாண்டில், இவ்வளவு செங்குத்தான இடத்தில் வேலைக்கு ஆள் கிடைக்காமல், சரிவின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. சமவெளியில் டிராக்டர் ஓட்டி இரண்டு மடங்கு காய்ப்பு எடுக்க முடிகிறபோது யார் மலை ஏறுவார்கள்? 1977இல் லெயோனார் இங்கே நிலம் வாங்கினார். அங்கே புனித அர்பன் பெயரில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது, அதனால் அவர்களுடைய பகுதிக்கு க்ளோ சேன்-உர்பேன் என்று பெயர். டான் மலையை ஒட்டியே இருப்பதால் கொல்மாரை விடக் குளிரும் மழையும் கூடுதல். இப்படிப்பட்ட இடத்தில் திராட்சை பழுப்பதே சந்தேகம். ஆனால் தெற்கைப் பார்த்த சரிவு, வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிற கறுத்த கல், தண்ணீரை நிற்கவிடாத சல்லி மண், இந்த மூன்றும் சேர்ந்து பழுக்க வைத்துவிடுகின்றன. அதுவும் மெதுவாக, இலையுதிர்காலம் நன்றாக இறங்கிய பிறகு. ஆற்றிலிருந்து காலையில் எழும் மூடுபனியால் சில ஆண்டுகளில் ஒருவகைப் பூஞ்சை பழத்தில் படிந்து, சாற்றைச் சுண்டவைத்து இனிப்பைக் கூட்டும். அந்த ஆண்டுகளில் வருவது தேன் போன்ற இனிப்பு ஒயின்.

மற்ற நிலங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டூர்க்கைமுக்கு மேலே பிராண்ட், கிரானைட் சரிவு. பாறை உதிர்ந்து பருமணலாகிவிட்டதால் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் காயும். ரீஸ்லிங் திராட்சைக்குப் பேர்போன இடம். வின்ட்சன்ஹைமில் ஹெங்ஸ்ட், சுண்ணாம்பும் களியும் இரும்பும் கலந்த கனத்த மண், அங்கே கெவூர்ஸ்ட்ராமினர் என்ற வாசனைத் திராட்சை. ஹுனாவிரில் க்ளோ விண்ட்ஸ்புல், பழைய கடலடியில் படிந்த சிப்பிச் சுண்ணாம்புக்கல், உயரமும் குளிர்ச்சியும் உள்ள இடம், பழுக்கத் தாமதமாகும். கெபெர்ஷ்விரில் கோல்டெர்ட், அதுவும் சுண்ணாம்பு, அங்கே மஸ்கட் திராட்சை. அப்புறம் சமதரையில் ஹெர்ரன்வேக், ஃபெக்ட் ஆறு கொண்டுவந்து போட்ட கூழாங்கல் வண்டல், எல்லாவற்றுக்கும் முந்திப் பழுக்கும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒயின் பற்றி எழுதுகிறவர்கள் இதை அடிக்கடி குழப்புகிறார்கள். ராங்கென் ஒயினில் புகை வாசனை வருகிறது, எரிமலைப் பாறையின் வாசனை அது என்பார்கள். பாறைக்கு அப்படி வாசனை கிடையாது, வேர் வழியாகப் பாறை ஏறி பழத்துக்கு வருவதும் கிடையாது. மண் செய்யும் வேலை வேறு: எவ்வளவு தண்ணீர், எப்போது, எவ்வளவு சூடு, வேர் எவ்வளவு ஆழம். சுண்ணாம்புக்கல் நுண்துளைகளில் நீரைப் பிடித்து வைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. களி நீரையும் சத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, ஆனால் மெதுவாகத்தான் சூடாகும். பருமணல் இரண்டையும் விட்டுவிடுகிறது. மண்ணில் பொட்டாசியம் அதிகம் கிடைத்தால் பழச்சாற்றின் புளிப்பு குறையும். இவற்றால் பழம் பழுக்கும் வேகமும் தோலின் தடிமனும் புளிப்பும் இனிப்பும் மாறுகின்றன, ஒயின் மாறுவது அதனால்தான். எனக்கு இந்த விளக்கம் எரிமலை வாசனையை விடப் பிரமிப்பாக இருக்கிறது.

கொம்பும் பஞ்சாங்கமும்

உயிராற்றல் வேளாண்மை 1924 ஜூனில் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் கோபர்விட்ஸ் என்ற ஊரில் விவசாயிகளுக்கு ஆற்றிய உரைகளில் தொடங்கியது. அந்த ஊர் அப்போது ஜெர்மனியில் இருந்தது, இப்போது போலந்தில். கொம்பு சாண உரத்துக்கு 500 என்று எண். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து இலையுதிர்காலத்தில் புதைத்து வசந்தத்தில் எடுப்பார்கள். அதற்குள் சாணத்தின் நாற்றம் போய், கறுத்து, காட்டு மண் வாசனை வந்திருக்கும். ஒரு ஹெக்டேருக்கு 100 கிராம் அளவுதான். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும்: ஒரு பக்கமாகச் சுழற்றி நடுவில் ஆழமான குழி விழுந்ததும் சட்டென்று எதிர்ப்பக்கம், மறுபடி குழி, மறுபடி திருப்பம். சாயங்காலம் மண்ணில் தெளிப்பார்கள். 501 என்பது அரைத்த வெள்ளைக்கல் மாவு, சில கிராம்தான், இலைமேல் தெளிப்பது. 502 முதல் 507 வரை மூலிகைகள், மக்கு உரக் குவியலில் இடுவதற்கு. கூடவே நிலா எந்த ராசியில் இருக்கிறது என்று பார்த்து வேர் நாள், இலை நாள், பூ நாள், பழ நாள் என்று ஒரு நாட்காட்டி.

நமக்கு இது புதிதாகவே படக்கூடாது. மேல்நோக்கு நாளில் விதை, கீழ்நோக்கு நாளில் கிழங்கு என்று பஞ்சாங்கம் பார்த்து நடுகிற தாத்தாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பஞ்சகவ்யமும் அமிர்தக்கரைசலும் பல வீட்டு மாடியில் நீலப் பீப்பாயில் ஊறிக்கொண்டிருக்கின்றன.

சரி, கொம்பால் என்ன நடந்தது? 100 கிராம் சாணம் ஒரு ஹெக்டேர் கொடிக்கு எந்தச் சத்தையும் கணக்கில் வருகிற அளவுக்குத் தர முடியாது. அது உரம் இல்லை என்பதை உயிராற்றல் விவசாயிகளே ஒப்புக்கொள்வார்கள், அது மண்ணைத் தூண்டிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். சுவிட்சர்லாந்தில் தெர்வில் என்ற இடத்தில் 1978 முதல் உயிராற்றல், சாதாரண இயற்கை முறை, ரசாயன முறை மூன்றையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் ஒப்பிட்டு வருகிறார்கள். 21 ஆண்டு முடிவுகள் 2002இல் வந்தன. ரசாயனத்தைக் கைவிட்ட பாத்திகளில் விளைச்சல் 20 சதவீதம் குறைவு, ஆனால் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் குறைவாகவும் பூச்சிக்கொல்லி 97 சதவீதம் குறைவாகவும் போதுமானதாக இருந்தன, மண்புழு கூடுதல். இது பொதுப்பயிர்களில் நடந்தது. திராட்சைக்கு ஜெர்மனியின் கைசன்ஹைமில் 2006 முதல் ஒரு சோதனை நடக்கிறது. அங்கே ரசாயனம் கலந்த முறைக்கும் மற்ற இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு வந்தது. இயற்கை முறை, உயிராற்றல் இரண்டிலும் கொடியின் வீரியமும் காய்ப்பும் குறைந்தன. ஆனால் அந்த இரண்டுக்கும் இடையே பெரிதாக வேறுபாடு இல்லை.

இதை வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இதுதான்: ஸிண்ட்-ஹும்ப்ரெக்டில் வேலை செய்தது களைக்கொல்லியை நிறுத்தியதும், நல்ல மக்கு உரமும், சக்கரம் அழுத்தி இறுகிய மண்ணை மறுபடி இளக விட்டதும், காய்ப்பைக் குறைத்ததும். கொம்பு தனியாக எதையும் செய்ததற்கு அத்தாட்சி இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். இந்த முறையைக் கடைப்பிடிக்கிறவர் தெளிப்பதற்கு, கலக்குவதற்கு, நாள் பார்ப்பதற்கு என்று ஆண்டு முழுக்கத் தன் நிலத்தில் கால் வைத்துக்கொண்டே இருக்கிறார். பல வகை மண் உள்ள பண்ணையில் இதைவிடப் பெரிய லாபம் எது? ராங்கெனின் சரிவில் நடந்த காலுக்கும் ஹெர்ரன்வேக் சமதரையில் நடந்த காலுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். எங்கே புல்லை விடலாம், எங்கே அது கொடியோடு தண்ணீருக்குப் போட்டி போடும், எங்கே மக்கு உரம் இந்த ஆண்டு வேண்டாம் என்பதெல்லாம் நடந்தால்தான் புலப்படும். ஒரே உர அட்டவணையை 100 ஏக்கருக்கும் போடுகிற பண்ணை, மண் வேறுபாட்டை உரத்தால் மூடிவிடும். எல்லாக் கொடிக்கும் தாராளமாகத் தழைச்சத்து கிடைத்தால் கிரானைட்டும் களியும் ஒரே மாதிரிப் பழத்தைத்தான் தரும். நெருக்கடியில் இருக்கிற கொடிதான் தான் நிற்கிற மண்ணைக் காட்டும்.

நிலவறையிலும் இதே கொள்கை. வெளியிலிருந்து ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை, தோட்டத்திலும் நிலவறையிலும் இருப்பதே புளிக்க வைக்கிறது. பழைய பெரிய மரப்பீப்பாய்களில் அது மெதுவாக நடக்கும், சில ஒயின்களுக்கு ஒரு வருடம் வரை. எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது, அதனால் சில ஆண்டுகளில் சர்க்கரை மிச்சம் இருந்துவிடும். வாங்குகிறவர்கள் குழம்பினார்கள். 2001 அறுவடையிலிருந்து லேபிளில் 1 முதல் 5 வரை ஒரு இனிப்பு எண்ணை அச்சிடத் தொடங்கினார்கள், 1 என்றால் இனிப்பே தெரியாது, 5 என்றால் முழு இனிப்பு. நேர்மையான ஏற்பாடு. ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு: இனிப்பு ஏறிய ஒயினில் மண் வேறுபாடு எவ்வளவு தெரியும்? மண்ணைப் பேச வைப்பதுதான் நோக்கம் என்றால் புளிப்பு நிமிர்ந்து நிற்கிற, இனிப்பில்லாத ரீஸ்லிங்தான் அதற்குச் சரியான சாட்சி. மற்றபடி அவர்கள் ஈஸ்ட் விஷயத்தில் பிடிவாதமாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த முறையின் பலவீனம் செம்பு. கொடியைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய்க்கு இயற்கை விவசாயத்திலும் உயிராற்றலிலும் பெரும்பாலும் நம்பியிருப்பது செம்பைத்தான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை, நம் வெற்றிலை, திராட்சை விவசாயிகள் எல்லோருக்கும் பழக்கமானது. செம்பு மண்ணில் கரைந்து போகாது, சேர்ந்துகொண்டே போகும், அளவு மீறினால் மண்புழுவுக்கு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு கட்டியது. மழை அதிகமான ஆண்டில் அந்த வரம்புக்குள் நிற்பது பெரும்பாடு. மண்ணுக்காக என்று ஆரம்பித்த ஒரு முறை மண்ணில் உலோகத்தைச் சேர்ப்பதை அதன் ஆதரவாளர்கள் இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

சென்னையிலிருந்து பார்த்தால்

எங்கள் குழுவில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மதுராந்தகம் அருகே ஏரியை ஒட்டி நிலம் வைத்திருக்கிறார். “தம்பி, கொம்பு எங்கே வாங்கலாம், ஏக்கருக்கு எத்தனை வேணும்?” என்றுதான் ஆரம்பித்தார். “சார், நிலத்துல எத்தனை வகை மண் இருக்கு?” என்று கேட்டேன். செம்மண் என்றார். போய்ப் பார்த்தால் மேட்டுப் பக்கம் சரளை கலந்த செம்மண், ஏரிப் பக்கம் வெடிப்பு விட்ட களி, நடுவில் இரண்டும் கலந்த ஒரு பட்டை. தென்னைக்கு அத்தனை இடத்துக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு உரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மேட்டில் மட்டை தொங்கிக் காய்ந்துகொண்டிருந்தது, பள்ளத்தில் வேர் நீரில் நின்றது.

அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். வழுவழுப்பான பக்கங்கள் உள்ள ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் மணல் இறங்கும், ஓரிரண்டு மணி நேரத்தில் அதன்மேல் வண்டல், களி இறங்க ஒரு நாளுக்கு மேலும் ஆகும், சில மண்ணில் தண்ணீர் தெளியவே தெளியாது. மூன்று அடுக்கையும் ஸ்கேலால் அளந்தால் விகிதம் கிடைத்துவிடும். இன்னொரு கைப்பிடி மண்ணில் வினிகர் ஊற்றுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. திருவான்மியூர் கடற்கரையோர மணலில் நுரை வரும், சிப்பித் தூள் கலந்திருப்பதால். பள்ளிக்கரணைப் பக்கத்துக் களியை உருட்டினால் வளையலே செய்யலாம். பல்லாவரம், பரங்கிமலைப் பாறையை எடுத்துக்கொண்டால் அது உலகப் புகழ் பெற்றது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்த வகைப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார், கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் அந்தப் பாறையால் ஆனது என்பதால். ராங்கென் பாறையை விட அது பல மடங்கு வயதானது. இத்தனை வகை மண் நம் பேருந்து தூரத்துக்குள் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே செம்மண்-கோகோபீட் கலவை மூட்டை வாங்கிப் போடுகிறோம்.

குழுவில் தேனியிலிருந்து வந்த அக்கா ஒருவர் இருக்கிறார், அவர் வீட்டில் கம்பத்தில் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ரகம், அதுவும் மஸ்கட் குடும்பம்தான், கோல்டெர்ட்டில் வளர்வதற்குத் தூரத்து உறவு. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் காய்ப்பு இருக்கும், குளிர்காலத்தில் கொடி உறங்குவதில்லை, கவாத்து செய்கிற நாள்தான் அறுவடை நாளைத் தீர்மானிக்கிறது. ராங்கெனில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. அதனால் அங்கே செய்கிற எதையும் அப்படியே இங்கே தூக்கி வர முடியாது. ஆனால் ஒரே பந்தலின் மேல்வரிசையிலும் வாய்க்கால் ஓரத்திலும் பழத்தின் இனிப்பு மாறுகிறது என்று அக்கா சொன்னபோது எனக்கு அத்தனை சந்தோஷம். வியாபாரி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரே விலைக்கு எடுத்துப் போகிறார். இரண்டையும் தனித்தனியாகப் பறித்து, ஒளிவிலகல்மானியில் சாற்றின் இனிப்பை அளந்து எழுதி வைக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. அந்தக் கருவி அதிக விலை கிடையாது, இரண்டு சொட்டு சாறு போதும்.

மதுராந்தகம் சார் நிலத்தை மூன்றாகப் பிரித்துவிட்டார். மேட்டில் மூடாக்கு போட்டு அடிக்கடி கொஞ்சமாகத் தண்ணீர், ஏரிப் பக்கம் தென்னை வரிசைகளுக்கு நடுவே வடிகால், நடுப்பட்டையில் இந்த மழைக்கு முன் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிர் விதைப்பு. கொம்பும் வாங்கியிருக்கிறார், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று பகுதியிலும் பாதியில் மட்டும் தெளித்து, மறுபாதியைத் தெளிக்காமல் விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.